அய்யாவுக்குத் தேவலை

கோச்சடை,
12-8-1981

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பாண்டியம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம். பிலாயில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதற்கு எழுதவும்.

அய்யாதான் சுகமில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஈரலில் கட்டியாம். கத்தி வைக்கிற நிலையைத் தாண்டிவிட்டதாம். வாய்க்கு வேண்டியதைக் கொடுத்து வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அய்யாவுக்கு விஷயம் தெரியும். ரிக்ஷாவில் வரும்போதே, "நான் என்ன சந்தையில வெல போகாத மாடா, திருப்பி ஓட்டிட்டு வாரீக?" என்று கேட்டார். ரிக்ஷாக்காரர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உங்களை நினைக்காத நாளில்லை. "வெள்ளத்துரைக்கு எழுதுனியா?" என்று காலையில் கேட்கிறார், ராத்திரியும் கேட்கிறார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பாண்டியம்மாள்

*

பிலாய்,
22-8-1981

அன்புத் தங்கச்சி பாண்டியம்மாளுக்கு அண்ணன் வெள்ளைத்துரை ஆசி கூறி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மதினிக்குத்தான் பல்வலி. மாப்பிள்ளை நல்லகாமனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு இரும்பாலை ஷிப்டுக்குப் போகவில்லை. மதினிதான் தேற்றினாள். உடனே கிளம்பி வரத்தான் மனசு அடிக்கிறது. ஆனால் தங்கச்சி, எனக்கு இந்த வருசம் பாக்கி இருப்பது ஒரே ஒரு ஊர் லீவு. இப்போது வந்து அய்யாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், காரியத்துக்கு என்னை விடமாட்டார்கள். இங்கிருந்து மதுரை வந்து சேர ரயிலில் மூன்றாம் நாள் ஆகிவிடும். அய்யாவுக்கு நான் ஒருத்தன்தான் பையன். உயிர் இருக்கும்போதே அவர் வாயில் நான் பால் ஊற்ற வேண்டும், அவருக்கு நான் கொள்ளி வைக்க வேண்டும். அது தவறிப்போனால் நான் பிறந்ததற்கே அர்த்தமில்லை.

ஆகையால் நீதான் என் கண். சாப்பாடு, தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் எப்படி மாறுகிறதென்று விடாமல் எழுது. நேரம் நெருங்குகிறதென்று உனக்குத் தெரிந்த நிமிசம் தந்தி கொடு, அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன். அய்யா காதில் சொல், "வெள்ளத்துரை வாரேன்னு எழுதியிருக்கான்" என்று.

உன் அண்ணன்,
வெள்ளைத்துரை

*

கோச்சடை,
3-9-1981

அன்புள்ள ராமக்கா, பாண்டியம்மாள் எழுதுவது. உசிலம்பட்டியில் மழை உண்டா, எருமை கன்று போட்டதா, அத்தான் முட்டிவலி தேவலையா, எல்லாவற்றுக்கும் எழுது. நாங்கள் இருக்கிறோம்.

அக்கா, என் கையில் ஒன்று சிக்கியிருக்கிறது. பெரியம்மா மகள் நீ, கூடப் பிறக்காத குறைதான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கே.கே. நகர் டாக்டரம்மா ஸ்யாமளா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அய்யாவைப் பார்க்கிறார். காளவாசலில் நம் சைக்கிள் கடையில்தான் அவர் ஸ்கூட்டருக்குக் காற்று அடிப்பது, அந்தப் பழக்கம். போன ஞாயிறு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "பயப்படாதேம்மா, தெரிஞ்சிண்டா பயம் போயிடும்" என்றார். சாப்பாடு குறையுமாம், திணிக்கக் கூடாதாம், உடம்பு கேட்காததை வயிறு வாங்காதாம். பகலிலும் தூங்குவாராம். கால் பாதம் சில்லிட்டு, முட்டியில் நீலம் பாயுமாம். மூச்சு விட்டு விட்டு வரும், நடுவில் நின்றுபோன மாதிரி இருந்து திரும்ப இழுக்குமாம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், கேட்கிற நமக்குத்தான் வேதனை, அவருக்கு இல்லையாம். காது மட்டும் கடைசிவரை கேட்குமாம்.

அப்புறம் சொன்னார் அக்கா, "ஒருநாள் திடீர்னு தெளிஞ்சு எழுந்து உட்காருவார். பசிக்கறதும்பார். சிரிச்சுப் பேசுவார். எல்லாருக்கும் வராது, சில பேருக்கு வரும். தேறிட்டார்னு நம்பிடாதே. அதுக்கப்புறம் ஒரு நாளோ ரெண்டு நாளோதான். வரவேண்டியவா இருந்தா அன்னிக்கே கூப்பிட்டுடு" என்று.

கேட்டதும் எனக்கு ஆத்தா சாவுதான் நினைவுக்கு வந்தது. எட்டு வருசத்துக்கு முன்னால் செக்கானூரணியில் அண்ணன் வீட்டில் ஆத்தா கிடந்தபோது, நான் பதினைந்து நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றேனே. அப்போது கண்டக்டர் காசிமாயனிடம் அண்ணன் சொல்லி அனுப்பியது உனக்கு நினைவிருக்கும். "ஆத்தாவுக்குத் தேவலை. எந்திரிச்சு உக்காந்து சாப்பிட்டுச்சு. பச்ச ஒடம்புக்காரி அலைய வேணாம்." நம்பி, கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் ஆள் வந்தது. நான் போனபோது ஆத்தாவுக்கு வாய்க்கட்டுக் கட்டியாகிவிட்டது. ஒரு சொட்டுப் பால் என் கையால் போகவில்லை.

அவன் மச்சினன் சுடலையை நான் கட்டமாட்டேன் என்றேன் அல்லவா, அதற்குப் பழி. ஆத்தா முகத்தை மறைத்துத் தீர்த்துக்கொண்டான். இத்தனை வருசம் அண்ணே அண்ணே என்று எழுதிய வாய் எனக்கு எரிகிறது. இப்போது அவன் என்னைக் கண் என்கிறான். கண்ணை நான் மூடிக்கொண்டால் என்ன செய்வான்?

அன்புடன்,
பாண்டி

*

உசிலம்பட்டி,
10-9-1981

அன்புள்ள பாண்டிக்கு ராமக்காள் எழுதுவது. எருமை கிடாரி போட்டது. அத்தான் முட்டி அப்படியேதான். பேயாண்டி சித்தப்பாவைப் பார்க்க வரமுடியாமல் கன்றுக்குட்டி என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. என் பேரைச் சொல்லி அவர் நெற்றியில் திருநீறு பூசு.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். உன் வயிறு எரியும் என்று இத்தனை காலம் சொல்லாமல் இருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆத்தா சாவதற்கு முதல்நாள் மத்தியானம் நான் செக்கானூரணியில் இருந்தேன். சின்னத்தாய் சித்தி எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றது உண்மைதான். ஆனால் உன் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? கோழி அடித்தான்! தெருவில் போனவனை எல்லாம் இழுத்து உட்காரவைத்து, "சாப்பிடுங்கண்ணே, சாப்பிடுங்க மாப்ள" என்று இலை போட்டான். பெத்தவள் சாகக் கிடக்கும்போது கறிச்சோறு விருந்து! எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன். விடிந்தால் சாவுச் சேதி.

அவ்வளவு குதியாட்டம் போட்டவனை நீ எதற்கு விடவேண்டும்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்.

உன் அக்கா,
ராமக்காள்

*

கோச்சடை,
18-9-1981

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பாண்டியம்மாள் வணக்கம். இங்கு நாங்கள் சுகம். மதினிக்குப் பல்வலி என்று எழுதியிருந்தீர்கள், கிராம்பை நசுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன். அய்யா சோற்றை விட்டுவிட்டார். கஞ்சித் தண்ணீரில் இரண்டு கரண்டி இறங்குகிறது. முகம் வற்றிக் கன்னம் உள்ளே போய்விட்டது, மோதிரம் விரலில் நிற்கவில்லை, நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். பகலெல்லாம் தூக்கம். எழுப்பினால் பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் சில நேரம் ஆத்தாவோடு பேசுகிறார். "சின்னத்தாயி, மாட்டப் பிடிச்சுக் கட்டு" என்கிறார். டாக்டரம்மா அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சிறுநீர் குறைந்து டீத்தண்ணி நிறத்தில் போகிறது. பாதம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. பாதம் சில்லிட்டு, மூச்சு விட்டு விட்டு வந்தால்தான் நெருங்கிவிட்டதென்று அர்த்தமாம். அதைத்தான் நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஒன்றும் கவனிக்க வேண்டியதில்லை.

நீங்கள் தைரியமாக இருங்கள். நான் இருக்கிறேன்.

பாண்டியம்மாள்

*

பிலாய்,
29-9-1981

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம். கிராம்பு வைத்ததில் மதினிக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பர்ஸில் வைத்து, உலைக்கு முன்னால் நிற்கும்போதும் படிக்கிறேன். இப்படி யாராவது விளக்கிச் சொன்னால் மனசு ஒரு நிலைக்கு வருகிறது. ஆத்தா கிடந்தபோது எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வைத்தியர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

பொறுக்க முடியாமல் டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்டோபர் எட்டாம் தேதி வண்டி. ஆனாலும் அதற்குள் அய்யா கொஞ்சம் தேறியிருந்தால் ஒரு தந்தி கொடு, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு லீவைக் காப்பாற்றி வைக்கிறேன். உன் வார்த்தையை வைத்துத்தான் நான் ஏறுவதும் இருப்பதும்.

அய்யாவுக்கு முகச்சவரம் செய்துவிடச் சொல். தாடியோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளைத்துரை

*

தந்தி
மதுரை, 7-10-1981

அய்யாவுக்குத் தேவலை. எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அலைய வேண்டாம். பாண்டியம்மாள்.

*

கோச்சடை,
12-10-1981

வெள்ளைத்துரைக்குப் பாண்டியம்மாள் எழுதுவது.

அய்யா ஒன்பதாம் தேதி விடியக்காலம் போய்விட்டார். மத்தியானம் தூக்கிவிட்டோம். என் மூத்தவன் பேரப்பிள்ளை முறையில் கொள்ளி வைத்தான். உனக்குத் தந்தி கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தபாலில் எழுதுகிறேன்.

நீ விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன், ஒன்றைக்கூட விடாமல் படி.

ஏழாம் தேதி காலையில் அய்யா தானாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் பளிச்சென்று இருந்தது. "பசிக்குது பாண்டி, கருவாட்டுக் கொழம்பு வச்சியா?" என்றார். ஒரு தட்டுச் சோறு தின்றார். சவரம் செய்துவிட ஆள் கேட்டார். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இம்புட்டு எளச்சுட்டேனா? அவன் வந்தா அடையாளம் தெரியாம அடுத்த வீட்டுக்குப் போயிருவான்" என்று சிரித்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, பேயாண்டி பிழைத்துவிட்டார் என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும். டாக்டரம்மா ஒரு மாதத்துக்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிட்டார், இப்படித் தெளிந்தால் அதற்குமேல் ஒரு நாளோ இரண்டு நாளோதான், அன்றைக்கே வேண்டியவர்களைக் கூப்பிடு என்று. அதை மட்டும் உனக்கு நான் எழுதவில்லை. சோறு போட்ட கையைக் கழுவிவிட்டு நேராகத் தந்தியாபீசுக்குப் போனேன்.

அந்தத் தந்தியைத் திரும்ப எடுத்துப் படி. அதில் பொய் எது? எழுந்தார், உட்கார்ந்தார், சாப்பிட்டார். ஒரு வார்த்தையும் என் வார்த்தை இல்லை. காசிமாயனிடம் நீ கொடுத்தனுப்பியதைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பச்சை உடம்புக்காரி என்பதை மட்டும் எடுத்துவிட்டேன்.

எட்டாம் தேதி மத்தியானம் பாதம் சில்லிட்டது. முட்டியில் நீலம் படர்ந்தது. ராத்திரி மூச்சு நின்று நின்று வந்தது. தொண்டைச் சத்தம் வாசல்வரை கேட்டது. எல்லோரும் பால் ஊற்றினோம். நான் ஊற்றினேன், என் வீட்டுக்காரர் ஊற்றினார், பிள்ளைகள் ஊற்றினார்கள், அடுத்த வீட்டார்கூட ஊற்றினார்கள். மூச்சு போகவில்லை. "யாரையோ தேடுதுங்க, மகன் வரலையா?" என்று கேட்டார்கள். காது கேட்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரே. குனிந்து அய்யா காதில் சொன்னேன், "அய்யா, அண்ணன் வந்துட்டாரு, ஒங்க கையப் பிடிச்சிருக்காரு" என்று. கையைப் பிடித்திருந்தது நான். அப்புறம்தான் ஆள் அடங்கினார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று.

ஆத்தா வாயில் நான் பால் ஊற்றாமல் நின்ற அன்றைக்கு எனக்கு எப்படி இருந்ததென்று இனி உனக்குத் தெரியும். உன் மச்சினனை வேண்டாம் என்றதற்கு ஒரு தாய் முகத்தையா மறைப்பாய்? கோழி அடித்து ஊரைக் கூட்டிச் சோறு போட்டாயே, அன்றைக்குத் தின்ற கறி இன்றைக்குச் செரித்ததா?

பாண்டியம்மாள்

*

பிலாய்,
24-10-1981

பாண்டியம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. சிவநாத் ஆற்றில் மொட்டை போட்டு முழுகிவிட்டு வந்து எழுதுகிறேன். கருமாதிக்கு வரமாட்டேன். உன் வாசல்படியில் என் கால் படாது.

கோழி அடித்தேனா என்று கேட்டிருக்கிறாய். ஆம், அடித்தேன். ஆத்தா பிழைத்துவிட்டது என்று அடித்தேன். நாலு நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தது, அன்று காலையில் எழுந்து உட்கார்ந்து என் கன்னத்தைத் தடவி, "வெள்ளயா, பசிக்குதுடா" என்றது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வளர்த்த சேவலைப் பிடித்து அடித்தேன். ரோட்டில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்டேன். பிள்ளை பெற்று பதினைந்தே நாளானவள் செய்தி கேட்டுப் பதறி ஓடி வருவாளே என்றுதான் காசிமாயனிடம் சொல்லி அனுப்பினேன். அவன் உயிரோடுதான் இருக்கிறான், காளவாசல் வழியாகத்தான் இன்னமும் வண்டியில் போகிறான். நான் எந்த முகத்தோடு சொன்னேன் என்று நீயே கேள். எட்டு வருசமாக உனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நீ பால் ஊற்றவில்லை என்கிறாய். நான் மட்டும் ஊற்றினேனா? யாருமே ஊற்றவில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டு, கவலை விட்டது என்று வீடே தூங்கிவிட்டது. விடிந்து ஆத்தாவை எழுப்பப் போனால் உடம்பு விறைத்துக் கிடந்தது. முற்றத்தில் நாய் கோழி எலும்பை இழுத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் கோழி வாங்குவதில்லை. ஏன் என்று மதினியைத் தவிர யாருக்கும் தெரியாது. சுடலையை நீ வேண்டாம் என்றதை நான் அந்த மாதமே மறந்துவிட்டேன்.

அந்தத் தெளிவுக்கு அர்த்தம் என்னவென்று எனக்கு உன் டாக்டரம்மா போல ஒருத்தர் சொல்லியிருந்தால், அன்றைக்கே வண்டி பிடித்து உன்னையும் பிள்ளையையும் தூக்கி வந்திருப்பேன். நான் ஏமாந்து சொல்லி அனுப்பினேன். உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்து தந்தி கொடுத்தாய்.

என்னைத் தண்டித்தாய், சரி. அய்யா உனக்கு என்ன செய்தார்? என்னைத் தேடித் தேடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவருக்கு, இல்லாத என் கையைக் கொடுத்து அனுப்பினாயே.

வெள்ளைத்துரை

*

கோச்சடை,
20-11-1981

அண்ணே,

காசிமாயனைப் போய்ப் பார்த்தேன். "சிரிச்சுக்கிட்டே சொன்னாருக்கா. எனக்கும் ஒரு எல போட்டாரு. தங்கச்சி பாவம், பச்ச ஒடம்பு, அவளப் பதற விடாதடான்னு ரெண்டு தடவ சொன்னாரு" என்றார். காளவாசல் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பாண்டி

*

கோச்சடை,
18-12-1981

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே யாரும் சுகமில்லை. அங்கே உங்கள் சுகத்துக்கு எழுதவும். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மதினியாவது எழுதச் சொல்லுங்கள்.

பாண்டியம்மாள்

*

பிலாய்,
8-1-1982

திருமதி பாண்டியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. பொங்கலுக்குப் பிறந்த வீட்டில் இருந்து சீர் எதிர்பார்ப்பீர்கள். சீர் அனுப்பவில்லை. இந்தப் பார்சலில் இருப்பது கோடிச்சேலை.

நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால், பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். கோடியை அண்ணன்தான் கொண்டு வரவேண்டும். நான் வரமாட்டேன். அதற்காக என் தங்கை கோடி இல்லாமல் போனாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் முன்கூட்டியே எடுத்து அனுப்பிவிட்டேன். அரக்கு நிறம், மதினி எடுத்தது. ஆத்தாவுக்கும் இதே நிறம்தான் வந்தது.

இனி எனக்குத் தந்தி எதுவும் வேண்டாம். தேவலை என்று வந்தால் நான் கிளம்புவதா இருப்பதா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளைத்துரை

*

கோச்சடை,
20-1-1982

அன்புள்ள ராமக்காவுக்குப் பாண்டியம்மாள் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அத்தான் முட்டிக்கு டாக்டரம்மா ஒரு தைலம் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆள் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். கிடாரிக்கன்று எம்புட்டு வளர்ந்திருக்கிறது?

அண்ணன் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டிருந்தாய். அதெல்லாம் ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவருக்குக் கோபம் எத்தனை நாள் நிற்கும்? பொங்கலுக்கு எனக்குச் சேலை எடுத்து அனுப்பியிருக்கிறார். அரக்கு நிறம், நல்ல கனம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வைகையில் எறிந்துவிட்டு வா என்றார், அவருக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. நான் மடிப்புக் கலைக்காமல் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டிக் காட்டச் சொல்கிறார்கள். ஒருநாள் கட்டத்தான் போகிறேன், அப்போது வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீயும் வா அக்கா.

பாண்டி